மாப்பிள்ளையின் டர்போ காருடன் தொழுதூர் வரை

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு விழுப்புரத்தில் என் காரைக் கிளப்பினேன். விருத்தாசலம் இங்கிருந்து அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. உளுந்தூர்ப்பேட்டை வரை நாலுவழிச் சாலை, அதற்குப் பிறகு இடதுபக்கம் திரும்பி மங்கலம்பேட்டை வழியாகப் போக வேண்டும். கோயில் குளம் பார்க்கப் போகவில்லை, கல்யாணம் காதுகுத்துக்கும் போகவில்லை. ஒரு காரின் மைலேஜைப் பார்க்கத்தான் போனேன். இதைச் சொன்னபோது என் மனைவி, "லீவு நாளுல இது ஒரு பொழப்பா?" என்று கேட்டாள். டயர் கடை வைத்திருப்பவனுக்கு வேறு என்ன பொழப்பு இருக்கும்?

கூப்பிட்டவள் என் தங்கை ரீத்தா. பெண்ணாடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். விருத்தாசலத்திலிருந்து தினமும் தன் காரிலேயே போய் வருகிறாள். எண்ணூறு சி.சி. எஞ்சின் போட்ட சின்னப் பெட்ரோல் கார். அதே கம்பெனி, அதே மாடல், அதே வருஷத்து வண்டிதான் என்னிடமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் வாங்கினோம். அவளுடைய வண்டிக்கு மட்டும் இப்போது ஒரு புது உறுப்பு முளைத்திருந்தது. அவள் கணவர் சேவியர் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டர்போ செட் வரவழைத்து மாட்டிவிட்டார்.

டர்போ என்பது பெரிய சூத்திரம் இல்லை. எஞ்சினிலிருந்து வெளியே போகும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும், இழுவையும் கூடும். இதனால் மைலேஜும் ஏறும் என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். சேவியர் நம்பிவிட்டார்.

"வாரத்துக்கு ரெண்டு வாட்டி பெட்ரோலு போட்டுக்கிட்டு இருந்தேண்ணா. இப்ப மூணு வாட்டி போடுறேன். கேட்டா, புது கில்னு மாதிரி, நாலு வாட்டி சுட்டாதான் பதத்துக்கு வரும்னு சொல்றாரு" என்றாள் ரீத்தா போனில். கில்னு என்று அவர்கள் சொல்வது பீங்கான் சுடும் சூளையை. சேவியர் விருத்தாசலத்து செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் சூளைக்குப் பொறுப்பாளர். இருபது வருஷ வேலை. அதை விட்டுவிட்டு வேப்பூர் சாலையில் டர்போ மாட்டும் பட்டறை போடப் போகிறாராம். திங்கட்கிழமை முதலாளியிடம் முடிவைச் சொல்ல வேண்டும்.

"நான் சொன்னா பொம்பளைக்கு என்னா தெரியும்னு இல்ல, பயப்படுறேன்னு நெனைக்கிறாரு. நீங்க ஓட்டிப் பாத்து சொல்லுங்கண்ணா. நீங்க சொன்னா கேப்பாரு."

நான் வாயைத் திறந்தால் உள்ளதைச் சொல்லிவிடுவேன் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பெயர் உண்டு. அது நல்ல பெயரா கெட்ட பெயரா என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எட்டு மணிக்குள் விருத்தாசலம் வந்துவிட்டேன். கரும்பு வெட்டும் பருவம். பெண்ணாடம் ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் பாலக்கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. டிப்பரிலிருந்து தொங்கிய தோகை என் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனது. ஊருக்குள் நுழைந்ததும் வாசலில் பீங்கான் பொம்மைகளை அடுக்கிய கடைகள். பிள்ளையாரும் மாதாவும் வாத்தும் ஒரே பலகையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

சேவியர் வாசலில் நின்று வரவேற்றார். "வாங்க மச்சான், டயர்காரரு வந்துட்டாரு, இனிமே என் வண்டி தப்பிக்காது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எதற்காக வந்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பதினோரு மணிக்குத் தன் கம்பெனிக்கு அழைத்துப் போனார். மின்சார பியூஸ் கட்டைகள் செய்கிற இடம். வெள்ளை மண்ணை அச்சில் அழுத்தி, காயவைத்து, சூளைக்கு அனுப்புகிறார்கள். காயவைக்கும் அறைக்குள் நுழைந்ததும் கதகதப்பாக இருந்தது. அடுப்பு எதையும் காணோம்.

"கில்னுலேந்து வெளிய போற சூடு மச்சான். முன்னாடியெல்லாம் சும்மா வானத்துக்குப் போயிக்கிட்டு இருந்துச்சு. குழா போட்டு இந்தப் பக்கம் திருப்புனது என் யோசன. கேஸு செலவு எவ்ளோ கொறஞ்சுது தெரியுமா?" என்று கேட்டவரின் முகம் பெருமையில் மின்னியது. உடனே குரலைத் தணித்துக்கொண்டு, "டர்போவும் அதேதான். வீணாப் போற சூட்டுலேந்து வேல வாங்குறோம். அப்ப மைலேஜு ஏறத்தான செய்யணும்?" என்றார்.

அவர் ஏன் நம்பினார் என்பது அந்த அறையில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. விளம்பரத்தில் மயங்குகிற ஆள் இல்லை இவர். தன் கையால் ஒருமுறை ஜெயித்துப் பார்த்தவர். அப்படிப்பட்டவரிடம் போய், நீங்கள் நினைப்பது தப்பு என்று எப்படிச் சொல்வது? வந்த வேலை நான் நினைத்ததைவிடக் கஷ்டமாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து, ரீத்தா கொடுத்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டுச் சோதனையைத் தொடங்கினோம். இரண்டு கார்களின் டயர்களுக்கும் ஒரே அளவு காற்று பிடித்தேன். இந்த விஷயத்தில் மட்டும் யாரையும் நம்ப மாட்டேன். பிறகு இரண்டையும் ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே பம்பில் நிறுத்தி டேங்க் வாய்வரை பெட்ரோல் போட்டோம். லிட்டர் நூற்றிரண்டு ரூபாய் சொச்சம். டேங்குக்குள் காற்று தங்கக் கூடாது என்று சேவியர் பின்பக்கம் நின்று காரைக் குலுக்கினார். அவர் குலுக்கியதைப் பார்த்து நானும் என் காரைக் குலுக்கினேன். பங்க் பையன் குறுக்கே வராமல் ஒதுங்கி நின்றுகொண்டான். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு இரண்டு ஆண்கள் ஆளுக்கொரு காரைப் பிடித்து ஆட்டினால் அவனும்தான் என்ன செய்வான்?

எட்டேகாலுக்குப் புறப்பட்டோம். வேப்பூர் வரை மேற்கே இருபத்து நாலு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் மானாவாரி நிலம், மக்காச்சோளத் தட்டையும் வெடித்த பருத்தியும். வேப்பூரில் திருச்சி நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே தொழுதூர் வரை இருபத்திரண்டு. அங்கே திரும்பி, வந்த வழியே வர வேண்டும். மணிக்கு அறுபதுக்கு மேல் போகக் கூடாது, ஏ.சி. போடக் கூடாது என்று பேச்சு. போகும்போது அவர் டர்போ காரில் முன்னால் போனார், நான் என் காரில் பின்னால் போனேன். தொழுதூரில் வண்டியை மாற்றிக்கொண்டோம். ஓட்டுகிறவரின் கால் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாதல்லவா?

தொழுதூர் டீக்கடையில் வண்டி நின்றும் சேவியர் இறங்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். சூடான டர்போவைச் சட்டென்று நிறுத்தினால் உள்ளே ஓடும் எண்ணெய் கருகிவிடுமாம், ஒரு நிமிஷமாவது ஆறவிட வேண்டுமாம். டீ ஆறுகிறது என்று நான் சைகை காட்டினேன். அவர் வண்டி ஆறட்டும் என்று சைகை காட்டினார்.

திரும்பும்போது டர்போ காரை நான் ஓட்டினேன். வேப்பூருக்கு முன்னால் கரும்பு ஏற்றிய லாரி ஒன்று. அதைத் தாண்ட ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தேன். உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. மறுகணம் என் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது, லாரி பின்னால் போய்விட்டது. எனக்கு வயது ஐம்பத்து மூன்று. வாய்விட்டுச் சிரித்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். அதோடு இன்னொன்றையும் எழுத வேண்டும். எஞ்சினிலிருந்து மெல்லிதாக டக்டக்கென்று ஒரு தட்டல் வந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

பத்தரை மணிக்கு மறுபடி அதே பங்க், அதே பம்ப், அதே குலுக்கல். தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டருக்கு என் கார் குடித்தது நாலு லிட்டர் அறுநூறு மில்லி. டர்போ கார் குடித்தது ஐந்து லிட்டர் தொள்ளாயிரம். லிட்டருக்கு என்னுடையது இருபது, அவருடையது பதினைந்தரை. சேவியர் போனில் ஒருமுறை வகுத்துப் பார்த்தார். இன்னொருமுறை வகுத்தார். எத்தனை முறை வகுத்தாலும் அதுதானே வரும்? வீட்டுக்கு வந்தோம்.

வீட்டில் பானெட்டைத் திறந்தார். டர்போ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டலம் இருந்தது. சூளைச் சுவரில் சூடு வெளியே கசியாமல் இருக்க ஒட்டும் பஞ்சுப் போர்வையை வாங்கி வந்து, டர்போ முழுவதையும் கம்பி போட்டு நெருக்கிச் சுற்றியிருந்தார். புகை வரும் பக்கம், நடுவில் எண்ணெய் ஓடும் பக்கம், காற்று உள்ளே போகும் பக்கம், எதையும் விடவில்லை. அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்றுக் குழாயை நான் தொட்டுவிட்டுக் கையை உதறினேன். சேவியரும் தொட்டார். தொட்ட கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"மச்சான்... நான் இத கில்னுன்னு நெனச்சுக் கட்டிட்டேன்."

"என்னா மாப்ள சொல்றீங்க?"

"கில்னுல சூடு வெளிய போவக் கூடாது. அதே பழக்கத்துல சுத்திட்டேன். பொகை பக்கம்தான் சூடா இருக்கணும். காத்து பக்கம் குளுகுளுன்னு இருக்கணும். நான் ரெண்டையும் சேத்து ஒரே போர்வைக்குள்ள படுக்க வச்சிருக்கேன். வெந்த காத்துதான் எஞ்சினுக்குள்ள போயிருக்குது. அதான் தட்டுது. தட்டாம இருக்கணும்னு எஞ்சின பாத்துக்குற குட்டிக் கம்ப்யூட்டரு பெட்ரோல ஊத்து ஊத்துன்னு ஊத்தியிருக்குது."

விருத்தாசலத்தைத் தவிர வேறு எந்த ஊரிலும் ஒருவர் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. சூளைக்காரருக்கு மட்டுமே கைக்கு எட்டும் துணி, சூளைக்காரருக்கு மட்டுமே தோன்றும் யோசனை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அப்போதே பிரிக்கலாமே என்றேன். "சூடா இருக்குறப்ப பிரிக்கக் கூடாது மச்சான், வெடிச்சுடும்" என்று பதறினார். வெடிப்பது பீங்கான், இது இரும்பு. ஆனாலும் அவர் கை கேட்கவில்லை. ஆறும் வரை காத்திருந்து, அதற்குள் சாப்பிட்டோம். ரீத்தா வைத்த மீன்குழம்பை எனக்கு இரண்டாம் முறை ஊற்ற வேண்டியிருந்தது. சேவியர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நடுவில் இரண்டுமுறை போன் அடித்தது. ஸ்ரீமுஷ்ணத்தில் வாடகைக் கார் ஓட்டும் கோவிந்தராஜ். டர்போ மாட்டிக்கொள்ள முன்வந்திருக்கும் முதல் ஆள். கோவிந்தராஜ் மாட்டினால் தாங்களும் மாட்டுவதாக இன்னும் இரண்டு வாடகைக் கார்க்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். மூவரும் சாயந்திரம் வருகிறார்கள்.

சமையலறையில் ரீத்தா மெதுவாகக் கேட்டாள். "எப்ப சொல்லப் போறீங்கண்ணா?"

"சாயந்திரம்" என்றேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். பெரிய கம்பெனிகள் டர்போ போட்டு மைலேஜ் காட்டுவது உண்மைதான். ஆனால் அவர்கள் பெரிய எஞ்சினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சின்ன எஞ்சினை வைத்து, அதற்கு டர்போ போடுகிறார்கள். மிச்சம் அங்கேதான் வருகிறது. ஏற்கெனவே சின்னதாக இருக்கிற எஞ்சினுக்கு டர்போ போட்டால் பலம் கூடும், வயிறு சுருங்காது. இதை அவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டும். நோகாமல் சொல்வது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

சாப்பிட்டதும் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு சேவியர் போர்வையைப் பிரித்தார். புகை பக்கத்துக்கு மட்டும் ஒரு துண்டை வெட்டிச் சுற்றி, மற்ற இடத்தையெல்லாம் காற்றாட விட்டார். இரண்டு மணிக்கு மறுபடி பெட்ரோல் போட்டு, குலுக்கி, தொழுதூர் போய்த் திரும்பினோம். இந்த முறை தட்டல் இல்லை. வண்டி வெண்ணெய் மாதிரி போனது. திரும்பி வரும்போது என் காரில் பின்னால் வந்த சேவியர் ஹார்ன் அடித்துக் கை காட்டினார். அவர் முகத்தில் காலையில் போன வெளிச்சம் திரும்பியிருந்தது.

பங்கில் என் கார் மறுபடி நாலு அறுநூறு. டர்போ கார் நாலு தொள்ளாயிரம். அதாவது லிட்டருக்குப் பத்தொன்பது கிட்டே. காலையைவிட மூன்று கிலோமீட்டருக்கு மேல் அதிகம். டர்போவே இல்லாத என் காரைவிட ஒரு கிலோமீட்டர் குறைவு.

சேவியர் பெட்ரோலுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். அவர் தன் தப்பைக் கண்டுபிடித்தார், சரிசெய்தார். அதற்குப் பிறகும் கணக்கு அவர் பக்கம் வரவில்லை. நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் கோவிந்தராஜ் வீட்டு வாசலில் காத்திருப்பதாகப் போன் வந்துவிட்டது.

ஐந்து மணி இருக்கும். ரீத்தா கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். வாசலில் மூன்று பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கோவிந்தராஜ் நெற்றியில் திருமண் இட்ட, நாற்பது வயது மனிதர். எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"மைலேஜு எப்டிங்க இருக்குது? வாடக வண்டிங்களுக்கு அதாங்க முக்கியம். இழுவையெல்லாம் எங்களுக்கு எதுக்குங்க."

சேவியர் கார் சாவியைக் கையில் உருட்டினார். "காலைல பதினஞ்சர குடுத்துச்சு. இப்ப பத்தொம்போது கிட்ட குடுக்குதுங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர், "மூணு கிலோமீட்டரா ஏறிச்சு!" என்றார். டர்போவால்தான் ஏறியது என்று நினைத்துவிட்டார்கள். சொன்னதில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. இதோடு நிறுத்திக்கொண்டால் போதும், மூன்று வண்டி வந்துவிடும், பட்டறையும் வந்துவிடும். நான் குறுக்கே பேசினால் மாப்பிள்ளையை வெளியாட்கள் முன்னால் அவமானப்படுத்தியதாகும். பேசாவிட்டால் என் தங்கைக்கு என்ன பதில் சொல்வேன்?

சேவியர் திரும்பி என் காரைக் காட்டினார். "ஆனா இது டர்போ போடாத வண்டிங்க. அதே மாடலு. அதே ரோட்டுல, கூடவே வந்துச்சு. இது இருவது குடுக்குது."

மூவரும் திரும்பி என் காரைப் பார்த்தார்கள்.

"காலைல பதினஞ்சர குடுத்தது என் தப்பால. சுத்தக் கூடாதத சுத்திட்டேன். அத எடுத்ததும் பத்தொம்போது வந்துச்சு. ஏறுனது டர்போவால இல்லீங்க, என் தப்பு போனதால. மைலேஜுக்காகன்னா போடாதீங்க. ஆர்.டி.ஓ. அனுமதி வேற வாங்கணும், அந்த அலைச்சலும் வேணாம்."

கோவிந்தராஜ் சேவியர் பக்கம் திரும்பினார். "இத நீங்க சொல்லலன்னா நாங்க போட்டிருப்போங்க."

"தெரியுங்க. அதான் சொன்னேன்."

காபி கொடுக்கும்படி சேவியர் என்னிடம் சொன்னார். ஃபிளாஸ்க்கில் இருந்ததை நான்தான் ஊற்றிக் கொடுத்தேன். மூன்று பேரும் குடித்தார்கள். ஸ்ரீமுஷ்ணத்துக்கு வந்தால் பெருமாளைச் சேவிக்கத் தானே அழைத்துப் போவதாகக் கோவிந்தராஜ் சொன்னார். மாதா கோயில்காரர்களுக்கும் பெருமாள் பிரசாதம் கொடுப்பார் என்று சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி யாரும் காரைப் பற்றிப் பேசவில்லை. நான் சொல்லிவிட்டேன் என்று ரீத்தா நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, கேட்காமல் தோசையை வைத்தாள். அவள் கணவர் எதிரில் இருக்கும்போது அவளால் கேட்க முடியாது, என்னாலும் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கு ரீத்தா டர்போ காரில் பெண்ணாடத்துக்குக் கிளம்பிவிட்டாள். எட்டரைக்கு நான் புறப்பட்டேன். சேவியர் என் காரில் ஏறிக்கொண்டார். தொழிற்பேட்டை கேட்டில், "அஞ்சு நிமிஷம் இருங்க மச்சான்" என்று இறங்கி உள்ளே போனார். என்ன சொல்லப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. பட்டறைக் கனவு ஒரே நாளில் போய்விடுமா என்ன? புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது வேலைச் சட்டை போட்டிருந்தார். ஜன்னலில் குனிந்தார். "இருக்கேன்னு சொல்லிட்டேன் மச்சான்."

"முதலாளி என்னா சொன்னாரு?"

"சிரிச்சாரு. அப்புறம் ரெண்டாவது கில்னுல ஒரு பர்னரு சரியில்ல, பாருங்கன்னாரு." கொஞ்சம் நிறுத்தி, "டர்போவ கழட்ட மாட்டேன். இழுவைக்குன்னு யாராச்சும் வந்தா, அப்ப பாத்துக்கலாம். போயிட்டு வாங்க" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளை கையைக் கல்யாணத்தன்று பிடித்ததோடு சரி. அதற்கப்புறம் பிடித்ததாக நினைவில்லை. நன்றி என்று சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

எங்கள் விழுப்புரம் கடைத்தெருவில் எல்லாப் பொருளுக்கும் எல்லாக் குணமும் உண்டு. இது உங்களுக்கு வேண்டாம் என்று வந்த ஆளைத் திருப்பி அனுப்பும் கடைக்காரரை நான் அங்கே பார்த்ததில்லை. விருத்தாசலத்தில் ஒருவரைப் பார்த்தேன், அவர் என் தங்கையின் வீட்டில் இருக்கிறார். மங்கலம்பேட்டை வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கண் கொஞ்சம் கலங்கியது, சாலை நல்ல சாலை என்பதால் பாதகமில்லை.

மங்கலம்பேட்டையில் டீக்கு நிறுத்தினேன், பன்னிரண்டு ரூபாய். அப்போது ரீத்தா பள்ளிக்கூடத்திலிருந்து போன் செய்தாள். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

"என்னா ஆச்சுண்ணா? வேலைய வுட்டுட்டாரா?"

"இல்லம்மா. இருக்கேன்னு சொல்லிட்டாரு."

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "நீங்க சொன்னதாலதாண்ணா. எப்டி சொன்னீங்க?"

"நான் வாயே தொறக்கல ரீத்தா. அந்த மூணு பேருகிட்டயும் அவரே உள்ளத சொல்லி அனுப்பிட்டாரு. நான் காபி ஊத்திக் குடுத்தேன், அவ்ளோதான்."

மறுமுனையில் இரைச்சலுக்கு நடுவே மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாள் என்று தெரிந்தது.

"அப்படின்னா, இனிமே இதுக்கெல்லாம் உங்கள கூப்புட வேணாம் இல்லண்ணா?"

"வேணாம்மா" என்றேன்.

"சும்மாவே வாங்க" என்றாள் ரீத்தா.